கோரிம் யார் பெற்ற பிள்ளை

ரூடி பெல்டோலாவுக்கு மனைவி இல்லை, பிள்ளை குட்டி இல்லை, சர்ச் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. ஐம்பத்தாறு வயதில் அவனிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். கோரிம் யார் பெற்ற பிள்ளை?

கோரிம் என்று உலகத்தில் ஒருவரும் கிடையாது. ‘உப்பாறு’ என்கிற கதைத்தொடரின் நாயகன் அவன். ஆறு புத்தகங்கள் வந்தாகிவிட்டன, ஒவ்வொன்றும் தலையணையாக வைத்துக்கொள்கிற தடிமன். ஏழாவதும் கடைசியுமான புத்தகத்துக்காக ஜனங்கள் ஒன்பது வருஷமாகக் காத்துக்கிடந்தார்கள். ஆற்றுத்துறையில் ஹெஸ்க் என்றொரு படகுக்காரன், அவன் குடிசையில் வளர்கிறான் கோரிம். பதினைந்து வயதில் துறைக்கல்லின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறான்: அக்கரை போக வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும், பெயர் கேட்காமல், பகை பாராமல் ஏற்றிப் போவேன். துறையில் வளர்ந்தவன் ஒருநாள் அரியணை ஏறுவான் என்று ஒரு பழைய வாக்கு வேறு. அப்புறம் கேட்க வேண்டுமா? படகுக்காரன் பிள்ளையாவது, அரியணை ஏறுவதாவது, இவன் ஏதோ பெரிய இடத்துப் பிள்ளை என்று வாசகர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

சூனியக்காரன் மகன் என்பார் சிலர், எதிரி நாட்டு இளவரசன் என்பார் சிலர். ரூடியின் கட்சி, ஆற்றில் மூழ்கி இறந்த ராணியின் பிள்ளை என்பது. இதைப் பேசித் தீர்க்க இணையத்தில் ஒரு மன்றமே நடந்தது, அங்கே ரூடியை அறியாதவர் கிடையாது. மன்றத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் எத்தனையாவது புத்தகம், எத்தனையாவது பக்கம் என்று எண் போட வேண்டும். எண் இல்லாத பேச்சைக் குப்பையில் போடு என்று சொல்லிவிடுவார்கள். ரூடி எண் இல்லாமல் ஒரு வரிகூட எழுதியதில்லை.

நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை அந்த ஏரிக்கரைச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுவதுதான் அவன் வேலை. பனி விழக் காத்திருக்கிற நேரத்தில் ஷெட்டில் உட்கார்ந்து படித்துப் படித்துத்தான் இந்தப் பைத்தியம் முற்றியது. வேடிக்கை என்னவென்றால், ‘உப்பாறு’ எழுதிய மிஸஸ் ஆஷ்பி அவன் சாலையின் கடைசி வீட்டில்தான் இருந்தார். பதினெட்டு குளிர்காலம் அந்த வாசல் வரை பனியைத் தள்ளியிருக்கிறான், ஒரு தடவைகூடக் கதவைத் தட்டியதில்லை. அந்தம்மா ஜன்னலில் நின்று கையசைத்தால் இவனும் அசைப்பான், அத்தோடு சரி. வேறொருவனாக இருந்தால் காப்பி குடிக்கிற சாக்கில் உள்ளே புகுந்திருப்பான்.

உள்ளே போனது அவன் அக்கா எய்லா. பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவள். மிஸஸ் ஆஷ்பி கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர், கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதுகிறவர். அதைப் படித்து அடித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று நூலகத்தில் சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்துப் போனாள். கதையை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட காகிதம் அந்தம்மாவுக்குப் போதவில்லை. சமையலறை மேசைக்கு எதிரே உட்காரவைத்து, வாயால் சொல்லச் சொன்னார். புத்தகம் கடைக்கு வரும் வரை உயிருள்ள ஒருவரிடமும் சொல்ல மாட்டேன் என்று எய்லா சொன்னாள்.

ரூடிக்கு விஷயம் தெரிந்து இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, இனி நம் வீட்டில் கோரிம் பேச்சு கிடையாது, உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன், அது நியாயமில்லை என்று அவனே சட்டம் போட்டான். ஒன்றரை வருஷம் அந்தச் சட்டத்தை அவன் மீறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவான், மீன், மோட்டார், பனி என்று எதையாவது பேசிவிட்டுப் போவான். எய்லாவுக்குத்தான் வயிறு முழுக்க ரகசியத்தை வைத்துக்கொண்டு அவனுக்கு உருளைக்கிழங்கு பரிமாறுவது கொடுமையாக இருந்தது.

அக்டோபரில் அவனுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு கட்டிலாகிவிட்டான். ஒரு திங்கட்கிழமை மதியம், கொண்டுபோன சூப்பை இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டுத் தள்ளிவைத்தான்.

“எய்லா, மார்ச் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. புஸ்தகம் மேயிலதான் வருது.”

“தெரியும்டா.”

“நான் கேக்கக் கூடாதுதான். இருந்தாலும் கேக்குறேன். அவன் யாரு?”

அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். காருக்குள் உட்கார்ந்து, எஞ்சினைக்கூடப் போடாமல், கண்ணாடி முழுக்கப் பனி மூடும் வரை அப்படியே இருந்தாள்.

மிஸஸ் ஆஷ்பியைக் கேட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் போன கோடையில் ஒரு தாய், சாகக் கிடக்கிற என் மகனுக்கு மட்டும் முடிவைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். அந்தம்மா ஒரு நாள் முழுக்க அழுதார், பிறகு முடியாது என்று எழுதவைத்தார். மாதத்துக்கு நாலு கடிதம் இப்படி வருகிறது, ஒருவருக்குச் சொல்லி இன்னொருவருக்கு எப்படி மறுப்பேன் என்றார். அந்த மறுப்புக் கடிதத்தை டைப் அடித்தவளே எய்லாதான். இப்போது என் தம்பி என்றால் மட்டும் சட்டம் வேறா என்று எந்த முகத்தோடு போய் நிற்பது? கேட்டு, அவர் முடியாது என்றும் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் தம்பியிடம் வாய் திறப்பது இன்னும் பெரிய துரோகம். பெல்டோலா குடும்பத்தில் கொடுத்த வாக்கை மீறியவர்கள் கிடையாது. அதை அவளால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை காலையில், நரகத்துக்குப் போனாலும் போகிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள்.

“ரூடி, கேட்டுக்கோ. அவன் ஹெஸ்க்கோட மகன். சொந்த மகன். ராணியும் இல்ல, சூனியமும் இல்ல. அந்தக் குடிசையிலயே பொறந்து அங்கயே வளந்தவன். அரியணையில ஒரே ஒரு நாள் உக்காருறான். ஆத்தங்கரையில யாரோ அக்கரைக்குப் போகணும்னு கூப்பிடுற சத்தம் கேக்குது. எழுந்து போயிடுறான். அதான் முடிவு.”

ரூடி, அத்தனை வலியிலும், மன்றத்தில் புதிதாக வந்த பொடியன்களை மடக்குவதற்கு முன்னால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பைச் சிரித்தான்.

“ரெண்டாம் புஸ்தகம், நூத்திப் பதினாலாம் பக்கம். ராணியோட நாய் இவனைப் பாத்துக் குரைக்கவே இல்ல.”

“அது கிழட்டு நாய்டா.”

“அஞ்சாம் புஸ்தகம், நானூத்தி ரெண்டு. ராணிக்கும் இடது கைப் பழக்கம், இவனுக்கும் இடது கை.”

“எனக்கும்தான் இடது கை. நான் என்ன ராணியா?”

“சரி, அதையெல்லாம் விடு.” மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினான். “ஆறு புஸ்தகம். மூவாயிரத்து எழுநூறு பக்கம். ஹெஸ்க் அவனை ஒரு தடவைகூட மகனேன்னு கூப்பிடல. ரெண்டு தரம் எண்ணிப் பாத்துட்டேன். பையா, டேய், இந்தா, அவ்வளவுதான். சொந்த அப்பன்னா ஒரு தடவையாவது வாயில வராதா?”

எய்லாவிடம் அதற்குப் பதில் இல்லை. முடிவை அடித்துக் கொடுத்தவள்தானே தவிர அவள் மன்றத்து ஆள் இல்லை. அவள் திணறியதைப் பார்த்ததும் அவன் முகம் இளகிவிட்டது. குழாய் குத்தின கையை நகர்த்தி அவள் கைமேல் வைத்தான்.

“பரவாயில்ல. நல்லாத்தான் சமாளிச்சே. சாகப்போற தம்பி கேட்டும் நீ விட்டுக்குடுக்கல. நான்தான் தப்பா கேட்டுட்டேன், மன்னிச்சுடு.”

“நான் சொன்னது நிஜம்டா.”

“நிஜம்னுதானே சொல்லியாகணும் நீ.” கண்ணை மூடிக்கொண்டான். “எழுந்து போயிடுறான்னு சொன்னியே, அந்த இடம் அழகு. யோசிச்சு வச்சியா? அது மட்டும் நிஜமா இருந்தா நல்லாயிருக்கும்.”

இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். பைபிளின் மேல் கைவைத்திருக்கலாம், அடித்த தாளையே கொண்டுவந்து காட்டியிருக்கலாம். ஆனால் அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. தன் அக்கா வாக்கு மாறாதவள் என்ற பெருமை அதில் தெரிந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு இந்த உண்மையைக் கையில் கொடுப்பதா என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு பாவத்தைச் செய்து, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டு, அந்த அறையிலேயே மாலை வரை இருந்தாள்.

சனிக்கிழமை ரூடி இறந்துபோனான்.

இறுதிப் பிரார்த்தனை முடிந்ததும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்திருந்தார்கள். உறவினர்களைவிட மன்றத்து ஆட்கள்தான் அதிகம், பனியில் ஆறேழு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்கள். அவர்களில் ஒரு பல் டாக்டர், தடித்த மனிதர், எய்லாவிடம் வந்து தன் போனை நீட்டினார். வியாழக்கிழமை ரூடி எழுதிய கடைசிக் குறிப்பு அதில் இருந்தது. என் அக்காவுக்கு முடிவு தெரியும், நான் சாகப்போகிறேன் என்று கேட்டேன், அவள் என்னை ஏமாற்றப் பார்த்தாளே தவிர வாக்கைக் கைவிடவில்லை, அவளிடம் இனி யாரும் எதையும் கேட்கக் கூடாது, அவளை மரியாதையாக நடத்துங்கள் என்று எழுதியிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்க எண் போடாமல் எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். ஒருவரும் கோரிம் பெயரை எடுக்கவில்லை. அந்தக் கைகள் ஒவ்வொன்றும் அவளுக்கு நெருப்பாகச் சுட்டன.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனாள். சாலையில் பனி தள்ளியிருந்தது, வேறு யாரோ ஓட்டியிருக்கிறார்கள். மிஸஸ் ஆஷ்பி வாசலுக்கே வந்து அவளைக் கட்டிக்கொண்டார். ரூடியின் குறிப்பை யாரோ அச்செடுத்து அவருக்கும் அனுப்பியிருந்தார்கள். நீ செய்ததை என்னால் செய்திருக்க முடியாது, உனக்கு எப்படி நன்றி சொல்வேன் என்றார். எய்லா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“நான் சொல்லிட்டேன், மிஸஸ் ஆஷ்பி. எல்லாத்தையும். அவன்தான் நம்பல.”

அந்தம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். எழுபத்தெட்டு வயது, அன்றைக்குத் தொண்ணூறு மாதிரி தெரிந்தது. கோபத்தை எதிர்பார்த்து நின்றாள் எய்லா. வேலை போகும், கோர்ட்டு வரும், எது வந்தாலும் சரி என்றிருந்தது.

“ஏன் நம்பலையாம்?” என்று கேட்டார் அவர்.

நாயைச் சொன்னாள், இடது கையைச் சொன்னாள். அதற்கெல்லாம் அந்தம்மா தலையை மட்டும் ஆட்டினார். ஹெஸ்க் ஒரு தடவைகூட மகனே என்று கூப்பிட்டதில்லை, ரூடி இரண்டு தரம் எண்ணியிருக்கிறான் என்று சொன்னதும் அந்த ஆட்டம் நின்றுவிட்டது. அலமாரியில் வரிசையாக இருந்த தன் புத்தகங்களை, யாரோ எழுதினதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“நான் கவனிக்கவே இல்ல எய்லா. முப்பது வருஷமா எழுதுறேன், ஒரு நாளும் கவனிக்கல. எங்க அப்பா என்னை மகளேன்னு கூப்பிட்டது இல்ல. அப்பான்னா இப்படித்தான் இருப்பாங்கன்னு நினைச்சு எழுதிட்டேன் போல.”

அதைக் கேட்டதும் எய்லாவுக்குத் தன் அப்பா நினைவுக்கு வந்தார். ஊர்ஹோ பெல்டோலா மரம் வெட்டுகிறவர். எண்பத்தொரு வயது வரை இருந்தார். ரூடியை ஏய் என்பார், மிஞ்சிப்போனால் பையா என்பார். அவன் பனி லாரிக்கு முதன்முதலாகப் போன குளிர்காலம் முழுக்க, விடிவதற்குள் எழுந்து காப்பி போட்டு, பிளாஸ்கில் ஊற்றி, அவன் காரின் சீட்டில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து படுத்துக்கொள்வார். அது யார் வைத்தது என்று ரூடியும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

“நீ பண்ணினது தப்புதான். அதை இன்னொரு நாள் பேசிக்கலாம். இப்ப உக்காரு,” என்றார் மிஸஸ் ஆஷ்பி.

அவள் உட்கார்ந்தாள். தம்பி செத்ததிலிருந்து அழாதவள், கையுறையைக்கூடக் கழற்றாமல் அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

“பதில் எங்க வீட்லயே இருந்துச்சு, மிஸஸ் ஆஷ்பி. நம்ம அப்பாவும் அப்படித்தானேடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அவன் கேட்டப்ப எனக்கு வாயில வரல.”