தற்காலிக இசை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பாதியை அண்ணன் சொன்னான், மீதியை அண்ணி சொன்னார். இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். "அவகிட்ட சொல்லிடாத" என்றான் அவன். "உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாத" என்றார் அவர். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் நடுவே நான் தபால் பெட்டி மாதிரி நின்றேன். கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார்கள், யாரும் வந்து எடுக்கவில்லை.

அண்ணன் சினிமாவுக்குப் பின்னணி இசை அமைப்பவன். அண்ணி படத்தொகுப்பாளர். எடுத்த காட்சிகளில் எது இருக்கவேண்டும், எது போகவேண்டும் என்று வெட்டி ஒட்டுபவர். நான் எழுதுகிறவள், அதாவது அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பதைத் தொழிலாக வைத்திருப்பவள்.

2

தொடங்கிப் பார்த்தேன்.

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு" — வேண்டாம். சினிமாவில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் உடனே தண்ணீர் லாரியை வரவழைத்து மழையைத் திறந்துவிடுவார்கள். இந்தக் கதை நடந்த நாட்களில் நல்ல வெயில்.

"கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் குழந்தை" — இதையும் முடிக்க முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள், முடிக்கிறேன்.

"ஒரு பெண் டம்ளர் கழுவுகிறாள்." இது சரி. அண்ணி தொகுத்துக்கொண்டிருந்த படத்தில் வரும் காட்சி இது. மகளை ரயில் ஏற்றிவிட்டு ஓர் அம்மா வீடு திரும்புகிறாள். மகள் குடித்து வைத்த டம்ளர் மேசையில் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துப் போய்க் கழுவுகிறாள். அவள் முதுகு மட்டும்தான் தெரியும். நாற்பது விநாடி, வசனம் கிடையாது.

3

(இங்கே ஒரு சின்னப் பாடம். பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம்.)

சினிமாவில் இசை இரண்டு இடத்தில் இருக்கும் என்பான் அண்ணன். கதைக்கு உள்ளே ஒன்று: டீக்கடை ரேடியோவில் பாட்டு ஓடினால் அது கடைக்காரருக்கும் கேட்கும். கதைக்கு வெளியே இன்னொன்று: நாயகி தனியாக அழும்போது வயலின் வாசிக்கிறதே, அது அவளுக்குக் கேட்காது. நமக்கு மட்டும்தான்.* கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், பாவம்.

* "அழுகிற முகத்துக்கு வயலின் எதுக்கு? முகமே போதாதா?" என்று அண்ணி கேட்பார். அவர்கள் காதலித்த காலத்தில் தொடங்கிய சண்டை இது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தொகுக்கும்போது காட்சியின் நீளம் பார்க்க, எங்கிருந்தாவது ஓர் இசையைக் கடன் வாங்கி அடியில் ஓடவிடுவார்கள். அதற்குப் பெயர் தற்காலிக இசை. பிறகு எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினால் போச்சு. காது பழகிவிடும். அதன்பின் எந்த இசையமைப்பாளர் தலைகீழாக நின்றாலும் புது இசை ஒட்டாது.

4

இப்போது அந்த வாக்கியத்தை முடிக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் குழந்தை பதினோரு நாள் இருந்தாள். குறைமாதக் குழந்தை. அண்ணன் பெட்டியின் பக்கவாட்டுத் துளைக்குள் கையை விட்டு, அவள் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஒரு மெட்டை முனகுவான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணி ஒருநாள் அதைச் செல்போனில் பதிவு செய்தார். பன்னிரண்டாம் நாள் பெட்டி காலியாக இருந்தது.

அது நடந்து நாலு வருஷம். அதற்குப் பிறகு இருவரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சேர்ந்து வேலை செய்யவும் இல்லை. இந்தப் படம்தான் முதல்.

டம்ளர் காட்சிக்கு எந்தக் கடன் இசையும் பொருந்தவில்லை. அண்ணி அந்த முனகலைப் போட்டுப் பார்த்தார், தனக்காக மட்டும். பின்னால் கேட்ட மருத்துவமனை இயந்திரத்தின் 'பீப்'பை நீக்கினார், சுருதியையும் சற்று இறக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் இயக்குநருக்குப் பிரதி அனுப்பும்போது அந்த ஒலியை அணைக்க மறந்துவிட்டார். தொழில் செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

இயக்குநர் உருகிவிட்டார். பிரதியை அப்படியே அண்ணனுக்குத் தள்ளிவிட்டு, "இதே மாதிரி வேணும்" என்றார்.

"அவருக்கு அடையாளம் தெரியல. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்டி" என்றார் அண்ணி என்னிடம்.

"மூணாவது வரி முடியறப்ப மூச்சு அறுந்துபோகுது. அப்பதான் டாக்டர் வந்து பின்னாடி நின்னார். அதை மறப்பேனா?" என்றான் அண்ணன். "ஆனா நான் வாயைத் திறந்தா அவ தாங்கமாட்டா. பேசாம படத்தை விட்டு விலகிடலாம்னு இருக்கேன்."

விலகினால் அண்ணி காரணம் கேட்பார். அவன் பொய் சொல்வான். இன்னும் நாலு வருஷம் அப்படியே போகும்.

5

இயக்குநரை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். டம்ளர் காட்சிக்கு அண்ணன் போட்டுத் தந்த ஐந்து மெட்டுகளையும் திருப்பி அனுப்பியவர். முதல் வரைவில் அவருக்கு ஒரு கறுப்புக் கண்ணாடிகூட மாட்டினேன். நிஜத்தில் நல்ல மனுஷன். எல்லாருக்கும் தானே தண்ணீர் ஊற்றித் தருவார். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

6

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இசை எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று குறித்துக்கொள்ளும் நாள். காலை பதினொரு மணி. முன்வரிசையில் அண்ணன், அண்ணி, இயக்குநர்; பின்னால் வேடிக்கை பார்க்க நான். டம்ளர் காட்சி வந்தது. முனகலும் வந்தது.

"இங்க மியூசிக் வேணாம் சார்" என்றான் அண்ணன்.

"அப்ப இது?"

"இது மியூசிக் இல்ல." கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தான். "எங்க பொண்ணுக்கு நான் பாடினது."

எங்க பொண்ணு. நாலு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் முதன்முறையாகக் கேட்டேன்.

அண்ணி திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டார். "உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் அந்த பீப்பை எடுத்த?"

"இரைச்சல்னு..."

"இரைச்சலா? அது அவ நெஞ்சு துடிச்ச சத்தம்டி. நான் பாடினேன், அவதானே தாளம் போட்டா."

(இந்த இடத்தில் ஒரு வயலின் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நான் பின்வரிசையில் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் அங்கே கேட்ட சத்தம்.)

அண்ணி திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினார். பிறகு, "அழிக்கல. பீப்போட இருக்கிற பதிவைத் தனியா வச்சிருக்கேன். ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டர் மாத்தறப்ப அதையும் எடுத்துட்டுப் போவேன்" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

"போடு. சேர்த்துப் போடு" என்றான் அண்ணன்.

இயக்குநர் எழுந்து என் தோளைத் தொட்டார். இருவரும் வெளியே வந்தோம். ஒலிப்பதிவுக் கூடத்துக் கதவு கனமானது, உள்ளே நடப்பது வெளியே கேட்காது.

7

அந்த நாற்பது விநாடியில் கடைசியில் என்ன வைத்தார்கள்? வெறும் தண்ணீர்ச் சத்தமா, முனகலா, பீப்போடு சேர்ந்த முனகலா? எனக்குத் தெரியும். மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டு மூன்றையும் கிழித்தேன். படம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டிய முடிவு படத்தில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சத்தம் கேட்டது, சண்டை.

"என் மூக்குதான் அவளுக்கு" என்றான் அண்ணன்.

"கடவுளே, அந்தக் கொடுமை நடக்கல. எங்க அப்பா மூக்கு" என்றார் அண்ணி.

"கண்ணை மூடிக்கிட்டுப் பேசாத. இவளையே கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். அந்தப் பதினோரு நாளும் பெற்றவர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. நான் அவளைப் பார்த்ததே இல்லை. அண்ணன் மூக்கு கொஞ்சம் சப்பை, அண்ணியின் அப்பாவுக்கு நீளம். யாருடைய மூக்கு என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். அவசரமில்லை, அவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.