அளவுக் கயிறு

ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். இடுகாட்டில் குழி வெட்டுகிறவரின் ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. வகுப்பில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. வாயில்லாப்பூச்சி என்றுதான் ஆசிரியர்கள் அவளைச் சொல்வார்கள். கணக்கில் ஒருமுறை தோற்று, அதே வகுப்பில் மறுபடியும் இருந்தாள். இன்னொரு தடவை தோற்றால் படிப்பை நிறுத்திவிட்டு அத்தை வீட்டில் கூடமாட வேலைக்கு விட்டுவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. பகலெல்லாம் மண்வெட்டியோடு நிற்பவர், மகளை எத்தனை நாள் தனியே பார்த்துக்கொள்வார்?

புதிதாக வந்த கணக்கு டீச்சர் ஒரு சாவுக்குப் போனபோது அவளை இடுகாட்டில் பார்த்தாள். அரையடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எத்தனை கூடை மண் வரும் என்று அப்பாவுக்கு மளமளவென்று சொல்லிக்கொண்டிருந்தாள் பெண். டீச்சருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் தொடங்கினால் தெரியாதது தானாக வந்து சேரும் என்று நம்புகிறவள் அவள். நல்ல நம்பிக்கைதான், அதில் நான் பழுது சொல்லமாட்டேன்.

மறுவாரம் கன அளவுப் பாடம். கயிற்றைக் கொண்டுவரச் சொல்லி, பெண்ணைக் கரும்பலகைப் பக்கம் நிறுத்தினாள். எதை அளப்பது என்று தயங்கி நின்றவளிடம், "என்னையே அளந்து சொல்லேன்" என்றாள் சிரித்தபடி.

"வேணாம் டீச்சர்."

கூச்சப்படுகிறாள் என்று டீச்சர் எடுத்துக்கொண்டாள். ஏன் வேண்டாம் என்று கேட்கவில்லை. "பயப்படாதடா கண்ணு. கணக்குதானே" என்றாள்.

பெண் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை கயிற்றை விட்டுப் பார்த்தாள். தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் கொஞ்சம் கூட்டி, நீளம் ஆறு அடி, அகலம் இரண்டு, ஆழம் ஐந்து என்றாள். அறுபது கன அடி என்று பலகையில் டீச்சர் எழுதி முடிக்குமுன், "குழிக்கு அறுபது. ஆனா வெட்டின மண்ணு உப்பிக்கும் டீச்சர். வெளிய எழுபத்தஞ்சு கிடக்கும்" என்றாள்.

புத்தகத்திலேயே இல்லாத சேதி. டீச்சர் கைதட்டினாள். "டீச்சருக்கே குழி வெட்டிட்டாடா" என்று நடுபெஞ்சிலிருந்து ஒரு குரல் வர, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பெண் மட்டும் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் டீச்சருக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேதி வகுப்புக்கு வந்த அன்றே பெண் பையை எடுத்துக்கொண்டு போனவள்தான், திரும்பி வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து, துரும்பாக இளைத்த டீச்சர் இடுகாட்டு வாசலை ஒட்டிய வீட்டுக்குப் போனாள். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கயித்த அடுப்புல போட்டுட்டா, டீச்சர். மூச்சு இருக்கறவங்க மேல அது படக் கூடாதும்மா. எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். அவ சொல்லலையா?"

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, "பாரு, நல்லாத்தானே இருக்கேன்" என்றாள்.

"இப்ப இருக்கீங்க" என்றாள் அவள்.

கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்தாள். பெண் வந்தாள், உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஆண்டுத் தேர்வில் ஒரு தொட்டிக் கணக்கு. எட்டடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம். டீச்சர்தான் அறையில் மேற்பார்வை. மேசைக்கடியில் பெண்ணின் விரல்கள் இல்லாத முடிச்சுகளை எண்ணின. உதடு நூற்றிருபது என்று அசைந்தது. பேனா அசையவில்லை.

மனம் பொறுக்காமல் டீச்சர் குனிந்தாள். "எழுதுடா. இது வெறும் தண்ணித் தொட்டி."

"யார் வீட்டுத் தொட்டி?"

"யார் வீடும் இல்ல. கணக்குதானே."

"அன்னிக்கும் அப்படித்தான் சொன்னீங்க, டீச்சர்."

விடைத்தாளைத் திருத்தியவர் வேறு பள்ளிக்காரர். வெள்ளையாக விட்ட இடத்துக்கு அவர் என்ன போடுவார்? நான்கு மதிப்பெண்ணில் போயிற்று.

அத்தை வந்து கூட்டிப்போன அன்று, டீச்சர் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள். பெண் படியில் ஏறி நின்று, அவளை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை பார்க்கத் தொடங்கி, பாதியிலேயே கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உடம்பப் பாத்துக்குங்க, டீச்சர்" என்றாள்.