மூன்று நாள் விருந்தாளி

வத்ஹா வாசல் இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்வதைப் பற்றி மஆன் ஊர் முழுக்கப் பேச்சு. பெற்ற தகப்பனை ஆட்டைப் போல அடைத்து வைத்திருக்கிறாளாம். பேசுகிறவர்களில் ஒருவர்கூட ஒருநாள் வந்து கிழவரோடு உட்கார்ந்ததில்லை. கிழவர் ஸுவைலிமுக்குத் தான் கட்டிய வீடே மறந்துபோயிருந்தது. காலையில் எழுந்ததும் "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைப் பிடித்து உலுக்குவார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மான் நகரிலிருந்து அண்ணன் நாயிஃப் வந்தான். எப்போதாவது வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவனுக்கு ரோஷம் மட்டும் பொத்துக்கொண்டு வரும். தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்று கத்தி, பூட்டைப் பிடுங்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வருவதற்குள் கதவு திறந்து கிடந்தது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார்கள். நாயிஃப் பதறியடித்துக்கொண்டு வந்தான். அக்கம்பக்கத்து ஆண்கள் வண்டி எடுத்துக்கொண்டு தேடினார்கள். இரவில் வெளியே வைத்த தண்ணீர் உறைகிற ஜனவரிக் குளிர். காலையில்தான் வத்ஹா அவரைக் குளிப்பாட்டி, ஆட்டுத்தோல் அங்கி போட்டு, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியை அழகாகக் கட்டிவிட்டிருந்தாள். புத்தி தவறியவன் கந்தலோடுதான் திரிவான் என்று ஊருக்கு ஒரு நினைப்பு. வழியில் பார்த்தவர்கள் யாரோ பெரிய மனிதர் என்று எழுந்து ஸலாம் சொல்லி வழிவிட்டிருக்கிறார்கள். ஒருவன் வண்டியில் ஏற்றிக் கேட்ட இடத்தில் இறக்கியும் விட்டிருக்கிறான்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம்தான் தகவல் வந்தது. ஷோபக் பக்கம் ஆடு மேய்க்கிற முஃப்லிஹ் என்பவரின் கூடாரத்தில் அவரைப் பார்த்ததாகத் தண்ணீர் லாரிக்காரன் ஒருவன் சொன்னான். அண்ணனும் தங்கையும் காரில் போனார்கள்.

கிழவர் மெத்தையில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்காக ஓர் ஆட்டையே அறுத்திருந்தார்கள்.

"யாரு, எந்த ஊருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று பாய்ந்தான் நாயிஃப்.

"விருந்தாளிகிட்ட மூணு நாள் கழியாம அதை எப்படிப்பா கேக்குறது? உங்க வீட்ல கேப்பீங்களா?" என்றார் முஃப்லிஹ்.

நாயிஃபும் கேட்டிருக்க மாட்டான்.

வத்ஹா "வாப்பா" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். முன்பின் தெரியாத பெண் தொட்டுவிட்ட கூச்சத்தில் அவர் கையை உருவிக்கொண்டார். "நான் இவங்க விருந்தாளிம்மா. உங்கூட எப்படி வர்றது?" அதுவரை வீட்டை மறந்திருந்தாரே தவிர அவளை மறந்ததில்லை. அவள் ஓரடி பின்னால் தள்ளி நின்றாள்.

"பெரியவரே, இன்னைக்கு நீங்க எங்க வீட்டுக்கு விருந்துக்கு வரணும்."

உடனே எழுந்துகொண்டார்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கதவருகே போனார். நாயிஃப் தலைகுனிந்தபடி பூட்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை. மூன்று நாள் முடியாமல் விருந்தாளியை அனுப்பினால் எங்களுக்குத்தான் கேவலம் என்று அவரிடம் சொன்னாள். மரியாதை தெரிந்த மனிதர், திரும்பி வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும் அவருக்கு முதல் நாள்தான். அதன்பின் எல்லா நாளும் முதல் நாளாகிவிட்டது. வாப்பா என்று மட்டும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் மிரண்டு எழுந்துவிடுவார்.

நாயிஃப் ஊருக்குப் போனபின் ஒருநாள், அவள் காப்பி ஊற்றும்போது சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா? அப்ப நான் தங்குறது முறையில்ல மகளே." எழுந்து செருப்பைத் தேடினார்.

இன்னொரு தடவையும் ஒரு கூடாரம் கிடைக்கும் என்பது என்ன நிச்சயம்?

"எங்க வாப்பா இருக்காங்க. வெளிய போயிருக்காங்க, வந்திருவாங்க."

"பேரு?"

"ஸுவைலிம்."

"கேள்விப்பட்டதில்ல. நல்ல மனுஷராத்தான் இருப்பாரு, இப்படி ஒரு பொண்ண வளர்த்திருக்காரே." செருப்பை விட்டுவிட்டு உட்கார்ந்தார். "வரட்டும். பாத்துட்டே போறேன்."

அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள்.