தாமஸ் வெனரின் எழுத்துப்பிழை

சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். புதன்கிழமை காலையில் ரோவினா ஹோபார்ட் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண அட்டையில் அச்சடிக்க ஒரே ஒரு தேதிதான் வேண்டும்: தாமஸ் வெனரும் எலனும் மணந்துகொண்ட நாள்.

தாமஸ், ஐந்து தலைமுறைக்கு முந்திய பாட்டன். ஆடு திருடியதற்காக இங்கிலாந்திலிருந்து இந்த நாட்டுக்கு ஆயுள் கைதியாகக் கப்பலேற்றப்பட்டவன். அவன் விட்டுச் சென்ற ஒரே சொத்து ஒரு செப்புக் காசு. ராஜாவின் முகத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதியிருந்தது: ‘டி.வி. – எச்.வி. என்னை மறக்காதே. 1830.’

எலனுக்கு ஏது எச்? கேட்டால் குடும்பத்தில் எல்லோருக்கும் பதில் தெரியும். “என் புருஷனுக்கு என் பேரை எழுதத் தெரியாது, ஹெலன்னு எழுதிட்டான்” என்று எலனே தன் மகன் வில்லியமிடம் சொல்வாளாம். வெனர் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணின் அம்மா இந்தக் காசை உயர்த்திப் பிடித்து, “பேரைத்தான் தப்பா எழுதினான், பெண்டாட்டியைத் தப்பா தேர்ந்தெடுக்கல!” என்பாள். கூடமே சிரிக்கும். பிறகு காசைப் பெண்ணின் கையில் வைத்து மூடுவாள். இந்தச் சனிக்கிழமை ரோவினாவின் முறை.

காப்பகத்தில் வேலை செய்யும் பழைய நண்பன் லெஸ் காசைப் புரட்டிப் பார்த்தான்.

“ரோவினா, இது இங்கே இருக்கவே கூடாதே.”

“ஏன், திருட்டுச் சொத்துன்னு சொல்றியா? எங்க பரம்பரைக்கு அது புதுசில்லையே.”

லெஸ் சிரிக்கவில்லை. “கப்பலேறப்போற கைதிங்க ஊர்ல இருக்கிறவங்களுக்குக் கொடுத்துட்டு வர்ற காசு இது. இது அங்கே இருந்திருக்கணும்.”

திருமண அனுமதிப் பதிவேட்டைத் திரையில் கொண்டுவந்தான். 1836. எலன் காட்டருக்கும் தாமஸ் வெனருக்கும் அனுமதி. தாமஸின் பெயருக்கு எதிரே, ‘மனைவியை இழந்தவர். ஊரிலிருந்து வந்த கடிதம் காட்டினார். மனைவி பெயர் ஹெஸ்டர்.’

எச்.

ரோவினா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டாள்.

லெஸ் எதற்கோ அந்தப் பெயரையும் தட்டினான். பெண் கைதிகளின் பட்டியல் ஒன்று திறந்தது. ஹெஸ்டர் வெனர். வந்தது 1837. அவள் வாக்குமூலத்தை யாரோ அவசரக் கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘சால்வை திருடினேன். ஓடவில்லை, கடை வாசலிலேயே நின்றேன். என் கணவர் தாமஸ் இந்த நாட்டில்தான் இருக்கிறார்.’

“செத்துப்போனவ எப்படி லெஸ் ஒரு வருஷம் கழிச்சுக் கப்பல்ல வருவா?”

“அந்தக் கடிதம் பொய்.”

“மாட்டிக்கணும்னே திருடியிருக்கா. அவனைத் தேடி வர்றதுக்காகவே…” என்றாள் ரோவினா.

கீழே இன்னும் நான்கு வரிகள் இருந்தன. 1838: வேலைக்கு அனுப்பப்பட்ட எஜமானர் வீட்டிலிருந்து ஓட்டம்; இரண்டு நாள் கழித்து நியூ நார்ஃபோக்கில் வெனரின் குடிசையில் பிடிபட்டாள். 1839: பெண்கள் சிறையில் ஆண் குழந்தை, பெயர் வில்லியம். அதே வாரம் தாய் மரணம். 1842: அனாதை விடுதியிலிருந்து குழந்தையைத் தாமஸ் வெனரும் மனைவி எலனும் பெற்றுக்கொண்டனர்; குழந்தையின் உடைமை, செப்புக் காசு ஒன்று.

ரோவினாவின் வீட்டு நடையில் மாட்டியிருக்கும் தாடிக்காரக் கிழவர்தான் அந்த வில்லியம்.

“நீங்க எலனோட வம்சம் இல்ல, ரோவினா” என்றான் லெஸ் மெதுவாக.

வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. மகள் பிரயோனி கல்யாண உடையில், இடுப்பெல்லாம் குண்டூசியோடு நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னம்மா, பேயைப் பார்த்த மாதிரி வர்றே? தேதி கிடைச்சுதா?”

ரோவினா எல்லாவற்றையும் சொன்னாள். பிரயோனி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊசி குத்தியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

“அயோக்கியன்! இவனையா நாம கல்யாணத்துக்குக் கல்யாணம் கொண்டாடினோம்? எலனும் பாவம், ஏமாந்திருக்கா.”

லெஸ் எடுத்துக் கொடுத்திருந்த திருமணப் பதிவின் நகலை ரோவினா நீட்டினாள். பிரயோனி அதையே வெகுநேரம் பார்த்தாள்.

“அம்மா, இங்கே பாரு. தாமஸ் வெறும் பெருக்கல் குறிதான் போட்டிருக்கான். அவனுக்கு எழுதவே தெரியாது. காசுல வேற எவனோதான் எழுதிக் கொடுத்திருக்கான். எலன் முத்து முத்தா கையெழுத்துப் போட்டிருக்கா.”

“அதனால?”

“அப்போ எழுத்துப்பிழைக் கதையைக் கட்டினது எலன்தானே? படிக்கத் தெரிஞ்சவ. எச்னா யாருன்னு தெரிஞ்சவ.”

அந்தக் காசைக் கிணற்றில் எறிந்திருக்கலாம் எலன். எறியாமல், பிள்ளை கேட்டபோதெல்லாம் தன் பெயரையே பிழையாக்கிக் காட்டியிருக்கிறாள்.

“சனிக்கிழமை நான் எந்த வாயால அந்த வேடிக்கையைச் சொல்லுவேன் பிரயோனி? இருநூறு பேர் சிரிக்கக் காத்துக்கிட்டு இருப்பாங்க.”

“சொல்லாதே.”

“காசு?”

பிரயோனி கையை நீட்டினாள். “அது எனக்கு வேணும். பேரை மட்டும் சரியா சொல்லிட்டுக் கொடு. ரெண்டு பேரையும்.”

ரோவினா காசை மகளின் உள்ளங்கையில் வைத்தாள். “ஹெஸ்டர்” என்று சொல்லிப் பார்த்தாள். எலனின் பெயரைச் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.