ஏழாவது தொலைநோக்கி

திருமலையைக் கைக்கெட்டும் தூரத்துக்கு இழுத்துவந்து காட்டக் கோவர்த்தனன் வாங்கிய விலை ஓரணா. பேரம் பேசுகிறவர்களுக்கு அரையணா. மலை என்னவோ இருவருக்கும் ஒரே அளவில்தான் வந்தது. திருப்பதி ரயிலடியில் அவர் கடைக்கு அது வாசல் வியாபாரம். உள்ளே, தொலைநோக்கிகளைப் பழுது பார்த்துச் சோதித்துக் கொடுப்பது தொழில். ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லை பிரிக்க ஆட்கள் காடுமேடெல்லாம் அளந்துகொண்டிருந்த காலம், வேலைக்குக் குறைவில்லை.

அன்று சித்தூர் சர்வே முகாமிலிருந்து சிட்டிபாபு வந்து, போன மாதம் வாங்கிப்போன ஆறு தொலைநோக்கிகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தான்.

"அன்னீ மசக, அண்ணா."

அன்னீ என்றால் தெலுங்கில் எல்லாம், மசக என்றால் மங்கல். கோவர்த்தனனுக்கு அது தெரியாதா என்ன. ஆனாலும், "ஆறுக்கும் மசக்கையா? மாங்கா வாங்கிக் குடு, சரியாப் பூடும்" என்றார்.

சிட்டிபாபு சிரித்தான். "நாளைக்குக் காலையில வருவேன். அப்பவும் மசகன்னா, வேலூர்க்காரனாண்ட போய்டும் வேலை."

அவன் போனதும் சிரிப்பும் போனது. முகாம் வேலைதான் கடைக்கு முதுகெலும்பு.

சோதனை மேடை என்பது இரும்புத் தண்டவாளம் பதித்த நீளத் தேக்குப் பலகை. ஒரு முனையில் விளக்கு, அதன்முன் சிலுவைக் கம்பி, கம்பிக்குமுன் பெரிய லென்ஸ். அதைக் கடந்து வரும் ஒளி அடிவானத்திலிருந்து வருவதுபோல, வண்டித்தடம் மாதிரி இணையாக வரும். நடுவில் வைத்த தொலைநோக்கி சரியாக இருந்தால் மறுபக்கமும் அப்படியே இணையாகப் போகவேண்டும். கோவர்த்தனன் மறுமுனையில் கண்ணை வைத்து, கம்பி கூர்மையாகத் தெரியும்வரை குழாயைத் திருகி, காட்டில் யாரும் தொட்டுக் கெடுக்காமல் அரக்கு வைத்துவிடுவார். இப்போதும் ஆறையும் பார்த்தார். ஆறிலும் கம்பி ஊசிமுனைபோல இருந்தது.

"காட்டுல வெயில்ல நின்னு அவுங்களுக்குக் கண்ணு பூட்சி" என்றார்.

அவர் மனைவி அம்சவேணி அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கண்ணு வைக்கிற எடத்துல அந்தச் சின்னத வெச்சிப் பாருங்களேன்." மதராஸிலிருந்து வரும்போதே தூரத்துக்குச் சரிசெய்து, யாரும் திருக முடியாதபடி பூட்டி வந்த சின்னத் தொலைநோக்கி அது. வாங்கிய நாளிலிருந்து, தன் கண் இருக்க அது எதற்கென்று, பெட்டியில் கிடந்தது.

வைத்தார்கள். அவள் பார்த்தாள். கம்பி பஞ்சாகத் தெரிந்தது. நடுவிலிருந்ததை எடுத்துவிட்டுச் சின்னதில் மட்டும் பார்த்தாள். கம்பி கூராக நின்றது. பிறகு அவர் அதில் பார்த்தார். அவருக்கு அதே கம்பி பஞ்சாகத் தெரிந்தது.

"இதுவும் கெட்டுப் பூட்சி" என்றார்.

"ஏழாவதா இதுவுமா? ஏழும் கெட்டு, நீங்க ஒருத்தர்தான் நல்லா கீறீங்களா?"

கோவர்த்தனன் மேஜைமேல் இருந்த ஆறையும் ஒருமுறை எண்ணினார். "செரி. மூணு என் கண்ணால கெட்டதுன்னு வெச்சிக்குவோம். மூணு அவுங்க கீழ போட்டது."

"என்னாண்ட பேரம் பேசாதீங்க."

"நாலு."

அவள் முக்காலியை இழுத்துப்போட்டு மறுமுனையில் உட்கார்ந்தாள். அவர் அரக்கை உடைத்தார். அவர் விரல் திருக, அவள் கண் சொன்னது. "இன்னும்… இன்னும் கொஞ்சம்… தாண்டிட்டீங்க, திரும்புங்க… போதும்." இத்தனை வருஷத்தில் அவள் சொல்லி அவர் இவ்வளவு ஒழுங்காகத் திரும்பியதில்லை. அது இருவருக்கும் தெரிந்திருந்தது. உலை கொதிக்கிற சத்தம் கேட்டும் யாரும் எழவில்லை.

காலையில் சிட்டிபாபு ஆறையும் வாசலில் நின்று பார்த்தான். "பாகுந்தி, நல்லா கீது. இன்னா கோளாறு அண்ணா?"

ஈரம், தூசி, வேலூர்க்காரன் சூழ்ச்சி என்று மூன்று பதில்கள் கோவர்த்தனன் வாயில் தயாராக இருந்தன. உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது.

"அதுங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் மசக."

சிட்டிபாபு சிரிக்கவில்லை. "அய்யய்யோ. போன வாரமே இதுல ஒண்ண எங்க சர்வேயர் கொணாந்தாரே. கண்ணாடி போடச் சொல்லி அனுப்பிட்டீங்களாமே. பாவம், போட்டுகினாரு. கல்லு தடுக்கி வுழுந்துகினே எல்லை அளக்கிறாரு."

அவன் பஸ் ஏறும்வரை அம்சவேணி சிரிப்பை அடக்கியிருந்தாள். கோவர்த்தனன் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மேடைப் பலகையில் கணக்குப் போட்டார்: தொலைநோக்கி ஆறு, நேர். கண்ணாடி வேண்டியது என் மூக்கு, இருப்பது சர்வேயர் மூக்கு. பாக்கி, ஒரு மூக்கு.