மூன்றாம் வரிசைக்குத் தண்ணீர் ஊற்றியவர்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே ஒரு தோட்டக்காரரின் வேலையைக் காப்பாற்றத்தான். இலக்கியத்துக்காக என்று நினைத்து வந்திருந்தால் மன்னியுங்கள், இப்போதே எழுந்து போய்விடலாம். இருக்கிறீர்களா? சந்தோஷம்.

என் அக்கா தக்காளி ஆராய்ச்சி செய்கிறாள். கண்ணாடிக் கூடத்தில் மூன்று வரிசைச் செடிகள். முதல் வரிசைக்கு வயிறு நிறையத் தண்ணீர், இரண்டாவதுக்குப் பாதி, மூன்றாவதுக்குக் கால் பங்கு. தண்ணீர் குறைந்தால் செடி எவ்வளவு குறுகும், எத்தனை பூ உதிரும், பழம் எப்படி இருக்கும் என்பது கேள்வி. போன வாரம் யாரோ மூன்றாம் வரிசைக்கு வாளி வாளியாக ஊற்றிவிட்டார்கள். காய்ந்து கிடந்த செடிகள் ஒரே மூச்சில் குடித்ததில், மறுநாள் பழமெல்லாம் தோல் வெடித்துவிட்டது. அக்காவின் நான்கு மாத உழைப்பு போச்சு. அவளைத் தவிர சாவி இருப்பது தோட்டக்காரரிடம் மட்டும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவரை வேலையிலிருந்து நிறுத்துவதாக அலுவலகத்தில் முடிவு செய்திருக்கிறார்கள்.

2

முதல் தொடக்கம்: "கண்ணாடிக் கூரையில் சூரியன்..." வேண்டாம். சூரியனோடு தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாவது: "தக்காளிக்கு அழத் தெரியாது, ஆனால்..." ஆனால் என்ன? எனக்கும் தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது நின்றது: "தோட்டக்காரர் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. வாளியை எடுத்தார்." இதைப் படித்ததும் அக்கா கண் கலங்குவாள், அலுவலகத்தில் அவருக்காகப் பேசுவாள் என்று நம்பினேன். என் திறமைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை!

3

தகவல் பிழை பார்த்துத் தரச் சொல்லி அக்காவிடம் நீட்டினேன். அவள் கண் கலங்கவில்லை, பென்சிலை எடுத்தாள். அவள் எழுதியதை அடைப்புக்குள் அப்படியே தருகிறேன்.

"இலைகள் துக்கத்தில் சுருண்டிருந்தன." [துக்கமெல்லாம் இல்ல. வெயில் படுற இடத்தைக் குறைச்சு, இருக்கிற தண்ணியைக் காப்பாத்திக்குது. உன்னைவிட விவரம்.]

"சில பழங்களின் அடி கறுத்து அழுகியிருந்தது." [இது சரி. தண்ணி பத்தலைன்னா சுண்ணாம்புச் சத்து பழத்தோட நுனி வரைக்கும் போய்ச் சேராது.]

"மற்றவை கோலிக்குண்டு அளவே இருந்தன, பாவம்." [பாவம் எதுக்கு? சின்னதுதான், ஆனா மூணு வரிசையிலயும் அதுதான் இனிப்பு. தண்ணி கம்மியானா சாறு கெட்டியாகும். அதைத்தான்டா நான் அளந்துட்டு இருந்தேன்.]

இந்த இடத்தில் தாளை அவள் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். (எழுதுகிறவர்கள் இப்படித்தான் நேரம் கடத்துவோம்.)

"மண் சப்புக்கொட்டிக் குடித்தது. முதல் இலை நிமிர நாற்பது நிமிடம் ஆயிற்று. கதவோரச் செடி எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் எழுந்தது." [இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல, என் நோட்டுலயும் இல்ல. பக்கத்துல உக்காந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். அன்னைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தது யாரு?]

4

நான்தான்.

அக்கா கூட்டத்தில் இருந்தாள். வெளியே நிற்க வேண்டாம் என்று தோட்டக்காரர்தான் கதவைத் திறந்து என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். சுருண்ட இலைகளைப் பார்த்தேன். பக்கத்தில் குழாய் இருந்தது, வாளியும் இருந்தது. ஒவ்வொரு செடியாக நிமிர்ந்தபோது கை தட்டினேன். சத்தியமாக, என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. பழம் வெடித்த பிறகு பயந்தேன். பழி அவர்மேல் விழுந்தபோது வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதில் கதை எழுதினேன். அதிலும் வாளியை அவர் கையிலேயே கொடுத்தேன். வர்ணிக்கிற ஆசைதான் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

5

அக்காவுக்கு மூன்று முடிவுகள் எழுதிக் காட்டினேன்.

அ) அக்கா சிரித்துவிடுகிறாள்.
ஆ) வெடித்த பழங்களே பெரிய கண்டுபிடிப்பாகி அக்காவுக்கு விருது கிடைக்கிறது.
இ) தோட்டக்காரர் தானாகவே பழியை ஏற்

(இதை முடிக்கக் கை வரவில்லை.)

[மூணும் வேணாம். முதல்ல அவர்கிட்ட சொல்லு. அப்புறம் அலுவலகத்துல சொல்லு. ரெண்டையும் நீயே போய்ச் சொல்லு.]

இன்று திங்கட்கிழமை, மணி எட்டு நாற்பது. கண்ணாடிக் கூடத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தோட்டக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். ஒன்பது மணி விஷயம் அவருக்குத் தெரியாது.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்கிறேன்.

"சொல்லுங்க தம்பி" என்று குழாயைக் கீழே வைக்கிறார்.

கேட்டபின் அவர் என்ன சொல்வார் என்று நேற்றே ஏழு பதில்கள் எழுதிவைத்திருந்தேன். ஏழிலும் என்னை மன்னித்தார். ஏழையும் அடித்துவிட்டேன். எட்டாவதை நீங்களும் எழுதிவிடாதீர்கள், அதை அவர்தான் சொல்ல வேண்டும்.