ஒன்று பெரிதா, தொண்ணூற்றொன்பது பெரிதா

கணினிக்குள் தனி வேலையாளைப் போல ஓடும் ஒரு த்ரெட்டை நொடிக்கு ஆயிரம் முறை எழுப்பி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு தாமதமாக எழுந்தது என்று குறித்துவைப்பதுதான் தமிழரசியின் வேலை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஔந்தில் அவளுடைய சின்னக் கம்பெனி செய்யும் கணினிப் போர்டு, ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினுக்குப் போகப்போகிறது. தொழிலாளியின் கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தவேண்டியது அதுதான். அங்கே பிரஸ் ஓட்டுகிறவர்களில் ஒருத்தி லீலா, தமிழரசியின் அம்மா. பன்னிரண்டு வருஷமாக ஏரவாடாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள். பத்து விரலும் இன்னும் இருக்கின்றன. அது அதிர்ஷ்டம் என்று அவளே சொல்வாள்.

தாமதம் நூறு மைக்ரோ செகண்டைத் தாண்டக் கூடாது. போர்டின் தலையில் மற்ற வேலைகளையும் கட்டிவிட்டு அளந்தால், மூன்று நாளாக நாலாயிரம், ஐந்தாயிரம் என்று வந்துகொண்டிருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் தேறாவிட்டால் இந்தப் போர்டையே கைவிட்டுவிடலாம் என்று மேலாளர் கேஷவ் சொல்லிவிட்டார். தமிழரசிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்து மேஜை ஹரீஷ் எட்டிப் பார்த்தான். அளக்கும் த்ரெட்டுக்கு அவள் கொடுத்திருந்த முன்னுரிமை எண்ணில் அவன் கண் நின்றது.

"ஏன் ஒண்ணு போட்டிருக்கே?"

"ஒண்ணுதானே முதல்ல?"

"இது ரேங்க் இல்ல தமிழ், மார்க். தொண்ணூத்தொம்பதுதான் டாப். ஒண்ணுன்னா கடைசி பெஞ்ச்."

பள்ளிக்கூடம் முழுக்க முதல் ரேங்க் வாங்கியவளால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு. வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே எண்ணைத் தொண்ணூற்றொன்பது ஆக்கி ஓடவிட்டாள். நாற்பத்திரண்டு வந்தது. கேஷவ் வந்து பார்த்து முகம் மலர்ந்து, உடனே ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

அனுப்பப் போகும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அளக்கிறவனை முன்வரிசைக்கு அனுப்பியாயிற்று. அதே போர்டில் மெஷினை நிறுத்துகிற இன்னொரு த்ரெட், அவன் எங்கே நிற்கிறான்? அவனுக்கும் எண் போட்டவள் அவள்தானே. திறந்து பார்த்தாள். அங்கேயும் ஒன்று.

அப்படியானால் அந்த நாலாயிரம் உண்மை. கை உள்ளே போனபிறகும் போர்டு அவ்வளவு நேரம் தன் முறைக்காகக் காத்துக்கிடந்திருக்கும். அளவு ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது, இவள்தான் அதன் வாயை அடைத்திருக்கிறாள். ஓசைப்படாமல் எண்ணை மாற்றி ரிப்போர்ட்டைத் தள்ளிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்து போய்க் கேஷவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் கடுகடுத்தது. சரிசெய்துவிட்டு நாளை மதியம்வரை ஓட்டிப் பார் என்றார்.

நிறுத்தும் த்ரெட்டுக்கு எண்பது கொடுத்தாள். அளக்கும் த்ரெட்டுக்கும் அதே எண்பது, இரண்டும் ஓடப் பிராசஸரின் ஒரே கோர். அவன் படும் பாட்டை இவனும் பட்டால்தானே சரியாகச் சொல்வான். மறுநாள் மதியம் பார்த்தபோது, மிக மோசமான தாமதமே அறுபத்தொன்றுதான். கேஷவ் கையெழுத்துப் போட்டார்.

டீ பிரேக் நேரம் பார்த்து லீலாவுக்குப் போன் செய்தாள். நல்ல செய்தியை மட்டும் சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"உங்க மெஷினுக்கு வர்ற போர்டுல நான் தப்பு பண்ணிட்டேம்மா. யாரும் கவனிக்கல. நானே பாத்து சரி பண்ணேன்."

பக்கத்து பிரஸ் அடிக்கும் சத்தத்துக்கு மேலே லீலா குரலை உயர்த்தினாள்.

"தப்பு உன்னுதுன்னு நீயே போய்ச் சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப மொதல் போர்டை என் மெஷின்ல மாட்டச் சொல்லு."